யாருடைய கோபம் வாக்காகிறது? வரி உயர்வும் ஆட்சி மாற்றமும்

பேருந்துக் கட்டணமோ மின் கட்டணமோ சொத்து வரியோ உயரும்போதெல்லாம் "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சு கிளம்பிவிடும். எதிர்க்கட்சி சொல்லும், டீக்கடை சொல்லும், முகநூல் சொல்லும். வரியை ஏற்றிய ஆட்சி வீட்டுக்குப் போகும் என்பது ஏதோ இயற்கை விதி போலப் பேசப்படுகிறது. அதற்கு எல்லோரும் காட்டும் சான்று 2004. நம் வாசிப்பு வட்டங்களுக்கு வரும் மாணவர்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. எனவே அந்தச் சான்றை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம், தோழர்களே.

2001 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கஜானா காலி என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அந்த டிசம்பரில் பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. 2003இல் மின் கட்டணம் உயர்ந்தது, விவசாயிகளின் இலவச மின்சாரம் நின்றது. வசதியானவர்கள் என்று கணக்கிடப்பட்ட குடும்பங்களின் ரேஷன் அட்டையில் 'எச்' முத்திரை விழுந்தது. உரிமைகள் பறிக்கப்படுவதை எதிர்த்து 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். இடையில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. அது யாரைக் குறிவைத்தது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2004 மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தபோது தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதையும் தி.மு.க. கூட்டணி அள்ளியது. நம் செங்கல்பட்டுத் தொகுதியும் அதில் அடக்கம், அங்கே பா.ம.க.வின் ஏ.கே.மூர்த்தி வென்றார். முடிவு வந்த சில நாட்களில், மே 18 அன்று, ஜெயலலிதா அடுக்கடுக்காக அறிவிப்புகள் வெளியிட்டார். இலவச மின்சாரம் மீண்டும் உண்டு, 'எச்' முத்திரை கிடையாது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ், மதமாற்றத் தடைச் சட்டம் ரத்து. தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு தேர்தல் தோல்விக்கு ஓர் அரசு இவ்வளவு வேகமாகப் பணிந்தது அரிது. 'மக்கள் பாடம் புகட்டினார்கள்' என்ற வாசகம் இங்கிருந்துதான் வழக்கத்துக்கு வந்தது போலும்.

ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். எது திரும்பி வந்தது, எது வரவில்லை? 2001 டிசம்பரில் உயர்த்திய பேருந்துக் கட்டணம் குறையவில்லை. அடுத்த பத்தாண்டுகளுக்கு அதுவேதான் நீடித்தது. அச்சிறுபாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் சித்தாள் வேலைக்குப் போன பெண் தினமும் காலையும் மாலையும் கொடுத்த கூடுதல் காசு 'திரும்பப் பெறப்பட்டவை' பட்டியலில் இடம்பெறவே இல்லை. இலவச மின்சாரம் பம்புசெட் வைத்திருந்தவருக்குத் திரும்பியது. வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. 'எச்' முத்திரைக்காரர்கள் ஓரளவு வருமானம் உள்ளவர்கள். மதமாற்றச் சட்டம் மட்டுமே நம் தெருக்களைத் தொட்ட விஷயம். அதற்கும் சிறுபான்மை அமைப்புகள், தலித் கிறித்தவ அமைப்புகள் என்று பலர் கூடி இரண்டாண்டுகள் கத்த வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாற்பதுக்கு நாற்பது என்பது வெறும் கோபத்தின் கணக்கல்ல. தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இடதுசாரிகள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். அந்த அணியில் விடுதலைச் சிறுத்தைகளோ புதிய தமிழகமோ இல்லை. 'மக்கள்' பாடம் புகட்டிய அந்தத் தேர்தலில் தலித் கட்சிகள் வெளியே நின்றன என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

விதி பொய்க்கும் ஆண்டுகள்

2004 ஒரு விதியாக இருந்தால் 2011க்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? 2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. நவம்பர் 17 அன்று பேருந்துக் கட்டணமும் ஆவின் பால் விலையும் ஒன்றாக உயர்ந்தன. மின் கட்டணமும் உயரப்போகிறது என்று அப்போதே சொல்லியாகிவிட்டது. 2012 மார்ச் 18இல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். அது தனித் தொகுதி. ஆளுங்கட்சி 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. அதே மாத இறுதியில் புதிய மின் கட்டணம் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாண்டு கழித்து, 2014 மக்களவைத் தேர்தலில் 39இல் 37 அதே கட்சிக்கு. காஞ்சிபுரம் தனித் தொகுதியும் அதில் ஒன்று.

தேதிகளைக் கவனியுங்கள். உள்ளாட்சித் தேர்தல் முடிந்த பிறகு பேருந்துக் கட்டணம். இடைத்தேர்தல் முடிந்த பிறகு மின் கட்டணம். 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு வந்தது. குறைந்தது 25 விழுக்காடு, பெரிய கட்டடங்களுக்கு 150 விழுக்காடு வரை. பதினைந்தாவது நிதிக்குழு விதித்த நிபந்தனை என்று காரணம் சொல்லப்பட்டது. இம்முறை ஆட்சியில் இருந்தது தி.மு.க. அதே ஆண்டு செப்டம்பரில் மின் கட்டணமும் உயர்ந்தது. 2024இல் நாற்பதுக்கு நாற்பது அதே கூட்டணிக்கு. இரண்டு கழகங்களும் எதில் ஒத்துப்போகின்றனவோ இல்லையோ, வரியை எந்த மாதத்தில் ஏற்ற வேண்டும் என்பதில் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

வரி ஏற்றம் ஆட்சியின் செல்வாக்கைக் குறைப்பதில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் ஏறியபோது கல்லூரி மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், அரசு சில நாட்களிலேயே கொஞ்சம் குறைத்தது, 2019இல் அந்த ஆளுங்கட்சி தேனியைத் தவிர எல்லாவற்றையும் இழந்தது. ஆனால் அதே 2019 மே மாதம் 22 சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தலில் ஒன்பதை வென்று ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. கட்டணத்தை ஏற்றியது மாநில அரசு, அடி விழுந்தது டெல்லிக்கான தேர்தலில். இதை வைத்துக்கொண்டு எந்த விதியை எழுதுவது?

எனவே கேள்வியையே மாற்றிக் கேட்போம். வரி ஏறினால் ஆட்சி விழுமா என்பதைவிட, யாருடைய தலையில் வரி ஏறினால் ஆட்சி அசைகிறது என்று கேட்பதுதான் நமக்குப் பயன்படும். அதற்கு விடை தேட நம் மண்ணின் வரலாற்றுக்குள்ளேயே போகலாம். செங்கல்பட்டு மாவட்டத்தைப் போல வரியின் கதையை வெளிப்படையாகச் சொல்லும் மாவட்டம் வேறு இல்லை.

தீர்வை கட்டினால்தான் வாக்கு

மதுராந்தகம் ஏரியையும் ஏரிகாத்த ராமர் கதையையும் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க முடியாது. கதையில் வரும் கலெக்டர் துரை, லயனல் பிளேஸ், உண்மையான ஆள். நவாபிடமிருந்து கம்பெனி பெற்ற 'ஜாகீர்' பகுதிக்கு 1794 முதல் சில ஆண்டுகள் கலெக்டராக இருந்தவர். கரை உடையாமல் காக்க ராமனும் லட்சுமணனும் வில்லேந்தி நின்றதை அவர் கண்டார் என்று கோயில் கதை சொல்கிறது. அவர் அந்த ஏரியைச் செப்பனிட்டதற்குப் பக்தியைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் இந்தப் பகுதி சீரழிந்து கிடந்தது. ஏரியில் நீர் நின்றால்தான் நெல் விளையும், நெல் விளைந்தால்தான் தீர்வை வரும். பிளேஸ் தீர்வையை உயர்த்துவதில் கடுமையானவர். மிராசுதாரர்கள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள் யார் என்று கோயில் கதையும் சொல்வதில்லை, கம்பெனி கணக்கும் சொல்வதில்லை.

அந்த மல்லுக்கட்டில் நம் முன்னோர் எந்தப் பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை. மிராசு உரிமை என்பது ஊரின் நிலம் முழுவதிலும் சில குடும்பங்களுக்கு இருந்த பங்கு. தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு விண்ணப்பித்தாலும் முதல் உரிமை மிராசுதாரருக்கே. பண்ணையாளாக இருந்த பறையர் சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் நிலையிலேயே இல்லை. அவர் உழைப்பில் விளைந்ததிலிருந்து தீர்வை போனது, ரசீது மட்டும் இன்னொருவர் பெயரில் வந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கை இதைத்தான் பதிவுசெய்தது. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் தயவில் இருந்தது என்று எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைக் கேட்டு நூறாண்டு கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை மக்களுக்காகத் திரண்டபோது துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் அறிவார்கள்.

பஞ்சமி நிலத்தை நாம் பெரும்பாலும் வாழ்வாதாரம், மானம் என்ற கோணத்தில்தான் பேசுகிறோம். அதில் வாக்குரிமையும் ஒளிந்திருக்கிறது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. 1919 சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் கிராமப்புறத்தான் ஒருவன் வாக்காளராக வேண்டுமானால் ஆண்டுக்குப் பத்து ரூபாய் தீர்வைக்கு நிலம் இருக்க வேண்டும். நகரத்தில் என்றால் சொத்து வரியோ தொழில் வரியோ கட்டியிருக்க வேண்டும். நாலு கோடிக்கு மேல் மக்கள் இருந்த மாகாணத்தில் 1920 தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 12 இலட்சம். அதாவது வரி ரசீதுதான் வாக்குச்சீட்டு. நிலம் மறுக்கப்பட்டவனுக்கு ரசீது இல்லை; ரசீது இல்லாதவனுக்கு வாக்கு இல்லை; வாக்கு இல்லாதவன் நிலம் கேட்க அவையில் ஆள் இல்லை. இந்த வட்டம் தற்செயலாக அமைந்ததல்ல.

மதுராந்தகம் வட்டம் கோழியாளத்தில் 1860இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். நுழைந்தது நியமன உறுப்பினராக. நம் மக்கள் வாக்களித்து அவரை அனுப்பவில்லை, அனுப்பும் வழியே இல்லை. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற அவரது தீர்மானம் 1924இல் நிறைவேறியதை நாம் பெருமையோடு சொல்கிறோம். தன் சொந்த ஊரில் எத்தனை பேர் தனக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்திருந்தால் விரல்களே மிஞ்சியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அம்பேத்கர் 1919இலேயே சவுத்பரோ குழு முன் தீண்டத்தகாதோருக்கான வாக்குத் தகுதியைக் குறைக்கக் கேட்டார். சைமன் குழுவிடம் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு கேட்டார். பொருளாதாரத்தில், அதிலும் குறிப்பாக அரசின் வரவு செலவில், முனைவர் பட்டம் பெற்றவர் அவர். வரியையும் வாக்கையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பது யாரை வெளியே நிறுத்த என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டுமான தந்திரமும் அல்ல. அமெரிக்கத் தென் மாநிலங்களில் தலைவரி கட்டினால்தான் வாக்கு என்று வைத்துக் கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். கூட்டாட்சித் தேர்தல்களில் அதை ஒழிக்க 1964இல் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மாநிலத் தேர்தல்களில் ஒழிய 1966இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

உப்பு தின்றவனும் வாக்குப் போட்டவனும்

இப்போது, வரி கட்டாததால் வாக்கில்லை என்று சொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே வரி கட்டாதவர்களா என்று பார்ப்போம். உப்பு வரி இருந்தது. செய்யூர், மரக்காணம் பக்கத்து உப்பளங்களில் கால் வெந்து உழைத்தவரும் தன் கஞ்சிக்குப் போட்டுக்கொள்ளும் உப்புக்கு வரி கொடுத்தார். ஜமீன்தாரும் பண்ணையாளும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புதான் தின்ன முடியும். எனவே வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழையே அதிகம் கொடுத்தார்.

1923இல் இந்திய அரசின் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக, அதாவது இரு மடங்காக உயர்த்தப் பார்த்தார்கள். மத்தியச் சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைச் சட்டமாக்கினார். அந்த ஆண்டின் இறுதியில் தேர்தல் வந்தது. ஆங்கில ஆட்சியோடு ஒத்துழைத்து வந்த மிதவாதிகள் பல இடங்களில் மண்ணைக் கவ்வினார்கள், சுயராஜ்யக் கட்சி பெரும் எண்ணிக்கையில் உள்ளே வந்தது. உப்பு வரி மட்டுமே காரணம் அல்ல. ஆனால் 1924இல் வரி மீண்டும் ஒன்றேகால் ரூபாய்க்கு இறங்கியது.

வரி உயர்வு செல்வாக்கை எப்படி அரிக்கும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த நிகழ்வு இது. ஆனால் இதில் வாக்களித்த கைகள் எவை? பத்து ரூபாய்க்கு மேல் தீர்வை கட்டியவர்கள், வருமான வரி கட்டியவர்கள். உப்பு வரி அவர்களுக்கு ஒரு சுயமரியாதைப் பிரச்சினை. 'எங்கள் சபை மறுத்ததை வைஸ்ராய் எப்படிப் போடலாம்' என்ற கோபம். நியாயமான கோபம்தான். கஞ்சியில் உப்பைக் குறைத்துக்கொண்டவரின் கோபம் அந்தப் பெட்டிக்குள் விழவே இல்லை. ஏழையின் வரி, பணக்காரரின் வாக்குக்கு ஒரு முழக்கமாகப் பயன்பட்டது. 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளியபோதும் இதன் சாயல் கொஞ்சம் இருந்தது என்பது எங்கள் கருத்து. இதை ஏற்காத தோழர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.

அடுத்தது 1937. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதாளத்துக்குப் போனது, தீர்வை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. விளைச்சலை விற்றாலும் கிஸ்தி கட்ட முடியவில்லை. ஆட்சியில் இருந்த பொப்பிலி ராஜாவின் நீதிக்கட்சி அரசு தீர்வைச் சுமையை இறக்குவதில் மெத்தனம் காட்டியது. காங்கிரஸ் அதைக் கையில் எடுத்தது. வாக்காளர்கள் இப்போது முன்பைவிட அதிகம், ஆனால் இன்னும் நிலம், வரி, கல்வி என்ற வேலிக்கு உள்ளேதான். 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. நீதிக்கட்சி அந்த அடியிலிருந்து எழவே இல்லை. நம் வரலாற்றில் வரிக்கோபம் ஒரு கட்சியையே சாய்த்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்க முடியாது. சாய்த்தது நிலவரி கட்டியவர்களின் கோபம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வென்று வந்த ராஜாஜி அரசு இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றது. 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது. கள், சாராய வருமானம் போனது. அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பது? நிலவரியைத் தொட்டால் நிலக்காரர் கோபப்படுவார், அவர் கையில் வாக்கு இருக்கிறது. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். சிறு கடைகளுக்கு விலக்கு, பெரிய வியாபாரிகளின் விற்றுமுதலில் நூற்றுக்கு அரை ரூபாய். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள், பிறகு விலையில் சேர்த்துக்கொண்டு அமைதியானார்கள். போரை முன்னிட்டு அந்த அமைச்சரவை அதே ஆண்டு அக்டோபரில் விலகியதால் அந்த வரியைத் தேர்தலில் சோதித்துப் பார்க்க வாய்ப்பே வரவில்லை.

எங்கள் பார்வையில் தமிழ்நாட்டு வரி வரலாற்றின் திருப்புமுனை அந்த 1939. நிலவரிக்கு முகம் உண்டு, கிஸ்தி நாள் உண்டு, ஜப்தி உண்டு, எனவே கோபமும் உண்டு. விற்பனை வரிக்கு முகமே கிடையாது. சோப்பிலும் தீப்பெட்டியிலும் கரைந்து வரும். உப்பு வரி 1947இல் ஒழிந்தது, கொண்டாடினோம். உப்பு வரியின் குணம் மட்டும் எல்லாப் பொருளுக்கும் பரவி நிலைத்தது. எல்லோருக்கும் வாக்கு கிடைத்த காலமும், வரி நிலத்திலிருந்து நகர்ந்து எல்லோருடைய மளிகைப் பையிலும் ஒளிந்துகொண்ட காலமும் ஏறக்குறைய ஒன்று. 2022 ஜூலை 18 முதல் உறையிட்டு முத்திரையிட்ட அரிசிக்கும் தயிருக்கும் ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அதற்காக எந்த ஆட்சியும் ஆட்டம் காணவில்லை.

இலங்கையில் ஒரு வேறுபட்ட கதை உண்டு. அங்கே 1931இலேயே வரித் தகுதி இல்லாமல் எல்லோருக்கும் வாக்கு. 1953இல் அரசு மானியத்தை வெட்டிப் படி அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார், 1956இல் அவரது கட்சி படுதோல்வி அடைந்தது. ஏழையின் கோபத்துக்கு வாக்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் அங்கும் ஒரு தரப்பு வெளியே நின்றது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், அதாவது நம் மாவட்டங்களிலிருந்து போன, பெரும்பகுதி தலித்துகளான தமிழர்கள், 1948–49 சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் இழந்திருந்தார்கள். அரிசி விலை அவர்களுக்கும்தான் ஏறியது.

ஒரு பைசாவும் அரைப்படி நெல்லும்

எல்லோருக்கும் வாக்கு வந்த பிறகும் எல்லாக் கோபமும் ஒரே எடை பெறவில்லை. 1970இல் விவசாய மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்ந்தது. கோவைப் பகுதியில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அரசு ஒரு பைசா குறைத்தது. 1972இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவையையே மறித்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் போராட்டம் தொடர்ந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அன்றிலிருந்து அதைத் தொட்ட ஒரே அரசு 2004இல் என்ன ஆனது என்று மேலே பார்த்தோம்.

அந்தப் போராட்டத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அதில் இறந்தவர்களும் உழைப்பாளிகளே. ஆனால் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில். ஒரு பைசாவுக்கு ஓர் அரசு இறங்கி வந்தது. அரைப்படிக்கு யாரும் இறங்கவில்லை. 1971 தேர்தலில் ஆளும் தி.மு.க. முன்னைவிடப் பெரிய வெற்றி பெற்றது. பம்புசெட் விவசாயிகளுக்குச் சங்கம் இருந்தது, வண்டி இருந்தது, பல தொகுதிகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் சாதி எண்ணிக்கை இருந்தது. கூலிக்காரர்களுக்கு எண்ணிக்கை மட்டும் இருந்தது, அதுவும் ஊருக்கு ஊர் சிதறி.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுராந்தகமும் செய்யூரும் தனித் தொகுதிகள், காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியும் தனி. வேட்பாளர் எல்லாரும் நம்மவர். ஆனால் யார் வெல்வது என்பதை ஊர்த்தெரு வாக்குகள் தீர்மானிக்கின்றன. அங்கே பேசப்படும் வரிப் பிரச்சினைதான் மேடைக்கு வருகிறது. 2021இல் மதுராந்தகத்தில் அ.தி.மு.க.வும் பக்கத்துச் செய்யூரில் விடுதலைச் சிறுத்தைகளும் வென்றன. இரண்டு தொகுதிகளிலும் காலனித் தெருக்களின் வரிச்சுமை ஏறக்குறைய ஒன்றுதான்.

யாரும் எதிர்க்காத வரி

2003 நவம்பரில், அதாவது எல்லோரும் கோபத்தில் இருந்த அதே ஆட்சிக் காலத்தில், மதுபானச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2004 தோல்விக்குப் பிறகும் அது திரும்பப் பெறப்படவில்லை. 2006இல் ஆட்சி மாறியபோதும், 2011இல் மாறியபோதும், 2021இல் மாறியபோதும் அது அப்படியே இருந்தது. 2023–24இல் அதிலிருந்து அரசுக்கு வந்த வரி வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. குவார்ட்டர் விலை எத்தனையோ முறை ஏறியிருக்கிறது. அதை எதிர்த்து எந்தக் கட்சியாவது மறியல் செய்திருக்கிறதா? செய்ய முடியாது. கட்டுபவர் வெட்கப்பட்டுக்கொண்டு கட்டுகிறார், வீட்டுப் பெண்கள் கடையே வேண்டாம் என்கிறார்கள், மற்றவர்கள் 'குடிகாரன்தானே' என்கிறார்கள். கூலி வேலை செய்பவர் தன் வருமானத்தில் கொடுக்கும் மிகப்பெரிய வரி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அவரைப் பொது விவாதத்தில் 'இலவசம் வாங்குபவர்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். வரி கட்டுபவர் என்ற பெயர் வருமான வரி கட்டுபவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது, 1919ஐப் போலவே.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் நம் மதுராந்தகம், சித்தாமூர் பக்கத்துக் கிராமங்களிலும் விஷச்சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைச் சரக்கு கட்டுப்படியாகாதவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்பதும் வரியின் கதைதான்.

கடைசியாக, களத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று. சொத்து வரி உயர்ந்தபோது நகரத்தில் வீட்டு உரிமையாளர்கள் ரசீதைக் காட்டிச் சலித்துக்கொண்டார்கள். மதுராந்தகம் சுற்றுவட்டாரத்தில் புறம்போக்கில் குடியிருக்கும் நம் குடும்பங்களோ எங்களுக்கும் வரி போடச் சொல்லுங்கள் என்று கேட்கின்றன. வரி ரசீது இருந்தால் மின் இணைப்பு கேட்கலாம், நாளை இடிக்க வந்தால் நீட்டலாம், பட்டா மனுவோடு இணைக்கலாம். ஆக்கிரமிப்பு என்று சொல்லி வருவாய்த் துறை அபராதம் போடும் 'பி மெமோ' சீட்டைக்கூட இரும்புப் பெட்டியில் நகையைப் போலப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். தண்டம் கட்டிய சீட்டுதான், ஆனால் இந்த இடத்தில் இத்தனை ஆண்டாக இருந்தோம் என்று அரசே எழுதிக் கொடுத்த ஒரே தாள் அது.

எனவே அடுத்த முறை வரி உயர்வுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்கு அழைப்பு வந்தால், போவதற்கு முன் கோரிக்கைப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். பேருந்துக் கட்டணம் அதில் எத்தனையாவது வரியில் இருக்கிறது, மனைப்பட்டா இருக்கிறதா, நம் தெருவில் யாரைக் கேட்டு அந்தப் பட்டியலை எழுதினார்கள் என்று கேளுங்கள். இந்த மாதக் கூட்டத்துக்கு வரும் தோழர்கள், வீட்டில் பழைய பி மெமோவோ தீர்வை ரசீதோ இருந்தால் நகல் எடுத்து வாருங்கள். கோழியாளத்திலிருந்து செய்யூர் வரை ஊர்வாரியாக அடுக்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பெண்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தவை.